நெத்திலி சைஸ் கல்யாண ஆல்பம்

போட்டோ ஸ்டூடியோ தொழிலில் படம் எடுத்தவரை யாரும் திட்ட மாட்டார்கள், பிரிண்ட் போட்டவரையும் திட்ட மாட்டார்கள், நடுவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவளைத்தான் திட்டுவார்கள்.

உங்களில் யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "இந்த ஃபைல் ஏன் திறக்கல, அந்த ஃபைல் ஏன் இவ்ளோ பெருசு, இந்தப் படம் ஏன் இப்படிக் கலங்கியிருக்கு" என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தால் நீங்களும் நம்ம ஆளுதான். படியுங்கள். மற்றவர்களும் படிக்கலாம், ஆனால் சிரிக்கும்போது கொஞ்சம் பார்த்துச் சிரியுங்கள்.

நான் ஷீலா. தண்டையார்பேட்டையில் பிளஸ் டூ முடித்தேன். முடித்தேன் என்றால் பள்ளிக்கூடம் முடிந்தது, பாஸா என்று கேட்காதீர்கள். மேலே படிக்க எனக்கும் ஆசையில்லை, வீட்டிலும் வழியில்லை. அம்மா வேலை பார்க்கும் இறால் கம்பெனியில் கொஞ்ச நாள் இறால் உரித்தேன். ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போய், வீட்டுக்கு வந்து சோறு பிசையக்கூட வராது. அந்தச் சமயத்தில்தான் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பஷீர் பாய் புதுசாக ஒரு கம்ப்யூட்டரும் ஒரு டிஜிட்டல் கேமராவும் வாங்கி, இரண்டையும் பார்த்துப் பயந்துபோய், கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை யாராவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார். தெருமுனை கம்ப்யூட்டர் சென்டரில் அரைகுறையாகக் கற்ற போட்டோஷாப்பை வைத்துக்கொண்டு நான் உள்ளே நுழைந்துவிட்டேன்.

பாய் முதல் நாளே பேச்சை முடித்துவிட்டார். காசிமேட்டில் மீன் ஏலம் விடும் ராணியம்மாவின் மகனுக்குத் தை மாசம் கல்யாணம். எங்கள் கடை டிஜிட்டலில் போடப்போகும் முதல் ஆல்பம் அதுதான். ராணியம்மா வாயைத் திறந்தால் ஹார்பர் முழுக்கக் கேட்கும். அவர் நல்லா இருக்குன்னு சொன்னால் கம்ப்யூட்டர் கடையில் இருக்கும், நானும் இருப்பேன். கலீஜா கீதுன்னு சொல்லிவிட்டால் பாய் கம்ப்யூட்டரை விற்றுவிட்டு ஃபிலிம் ரோலுக்கே திரும்பிவிடுவார், நான் இறாலுக்குத் திரும்ப வேண்டியதுதான். மறைக்க ஒன்றுமில்லை, அந்த நாற்காலி எனக்கு வேண்டும். கடையில் இருந்த ஒரே ஃபேன் காற்றும் நேராக அதன்மேல்தான் விழும்.

தினம் ஒரு சேவ்

கம்ப்யூட்டரில் பாய் கற்றுக்கொண்டது ஒரே ஒரு வேலை. காலையில் ஷட்டரைத் தூக்கி, சாம்பிராணி போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து தன் பேத்தியின் பிறந்தநாள் படத்தைத் திறப்பார். இன்னும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டும் என்று வெளிச்சத்தை ஒரு துளி ஏற்றுவார். சேவ் அடிப்பார். மூடுவார். அடிக்க அடிக்கப் படம் பத்திரமாகும் என்று நினைப்பு. கடைப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாரே, அதே மாதிரி.

ஒரு நாள் அந்தப் படத்தை ஷோகேஸில் வைக்கலாம் என்று பெரிதாக்கினால், குழந்தையின் கன்னம் மொசைக் தரை மாதிரி கட்டம் கட்டமாக இருந்தது. ரிப்பனைச் சுற்றி அழுக்குத் தண்ணீர் தேங்கியது போல ஒரு கலங்கல். முதல் சந்தேகம் என்மேல்தான். நான் நேராகச் சொல்லிவிட்டேன்: பாய், இது உங்க வேலை. இது ஜேபெக் ஃபைல், ஜேபெக் பிறந்ததே படத்தைச் சுருக்கி வைக்கத்தான். நீங்கள் எதையாவது மாற்றிவிட்டு சேவ் அடிக்கிற ஒவ்வொரு தடவையும், இது கண்ணுக்குத் தெரியாது என்று அதுவாக முடிவு பண்ணி எதையாவது தூக்கிப் போட்டுவிடும். ஒரு தடவை செய்தால் தெரியாது. தினமும் செய்தால் வெங்காயத்தைத் தினம் ஒரு தோல் உரித்த கதைதான். ஒரிஜினலைத் தனியாக வைத்துவிட்டு அதன் காப்பியில்தான் கை வைக்க வேண்டும் என்றேன். பாய் பேத்தியின் கன்னத்தைத் திரையில் தடவிப் பார்த்தார். அப்புறம் கல்யாண ஆல்பம் ஞாபகம் வந்து முகம் மாறிவிட்டது. உத்தரவு போட்டார்:

"அப்போ கல்யாணப் படத்த நானும் தொட மாட்டேன், எத்திராஜும் தொட மாட்டான், நீயும் தொடக்கூடாதும்மா. தொடாம எடிட் பண்ணு."

திட்டுத் திட்டாக ஒரு அப்பா

எத்திராஜ் அண்ணன் எங்கள் கேமராமேன். கடை ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறார். கம்ப்யூட்டருக்கு அவர் வைத்த பெயர் "டிவிக்குப் பொறந்த டைப்ரைட்டர்". அதை அவர் தொடுவது நான் சாப்பிடப் போகும் நேரத்தில் மட்டும்தான், நாசமும் அந்த நேரத்தில்தான் நடக்கும்.

அப்படி ஒரு மத்தியானம் வியாசர்பாடியிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். அப்பா இறந்துவிட்டார், மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போவதற்குள் தெருமுனையில் பேனர் வைக்க வேண்டும். எத்திராஜ் அண்ணன் பழைய படத்தை ஸ்கேன் செய்துவிட்டார். ஆனால் பேனர் கடைக்குக் கொடுத்தனுப்ப இருந்தது ஒரு ஃபிளாப்பி, படம் அதில் அடங்கவில்லை. சேவ் அடிக்கும் இடத்தில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தவருக்கு ஜிஃப் என்று ஒன்று அமைந்தது. ஃபிளாப்பியில் கச்சிதமாக உட்கார்ந்தது. உட்காராமல் என்ன செய்யும்? ஜிஃப் ஒரு கைப்பிடி கலரை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் துரத்திவிடும். கார்ட்டூனுக்கு, கடை பேருக்கு எல்லாம் அது சரி. மனுஷ முகத்தில் போட்டால் கன்னம் ஒரு திட்டு, நெற்றி ஒரு திட்டு, மூக்கு தனியாக ஒரு திட்டு. ஆள் உயரத்துக்கு அடித்து வைத்த பேனரைப் பார்த்துவிட்டு வந்த பாய், அந்த ஆள் வந்தால் நான் இல்லைன்னு சொல்லு என்று உள்ளே போய்விட்டார்.

காரியம் முடிந்து அந்த மகன் மொட்டைத் தலையோடு வந்தார். எத்திராஜ் அண்ணன் கேமரா லென்ஸைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டார். நான் ஜிஃப், ஜேபெக் என்று ஆரம்பித்தேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார்.

"எங்கப்பா சரக்கு போட்டா மூஞ்சி இப்டிதாம்மா திட்டுத் திட்டா செவந்துக்கும். வந்த சனம் பூரா அப்டியே அவுரேதான்னுச்சு, அதே மாரி வூட்ல மாட்ட ஒண்ணு பிரேம் போட்டுக் குடு."

காபி கொண்டுவந்தவள்

பாய் பேத்தி விஷயத்துக்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த வேலையானாலும் முதலில் பிஎஸ்டி என்கிற போட்டோஷாப் ஃபைலாக வைத்துக்கொள்வேன். அதில் நாம் செய்கிற மேக்கப் எல்லாம் தனித்தனி லேயராக இருக்கும். படத்தின் மேல் ஒரு கண்ணாடித் தாளை வைத்து, பவுடரை அந்தத் தாளில் பூசுகிற மாதிரி. அடியில் முகம் அப்படியே இருக்கும். பிரிண்டுக்கு மட்டும் ஜேபெக்காக ஒன்று எடுத்துக் கொடுத்துவிடலாம்.

ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப போட்டோ. மகள் என் கலர். அந்த அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வெள்ளையடிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். பொண்ணு நல்லாத்தானே இருக்கு, நானும் இதே கலர்தான், எனக்கு இதுவரை ஒரு வியாதியும் இல்லை என்றேன். பாய் கல்லாவிலிருந்து இருமினார். அந்த இருமலுக்கு வாயை மூடு என்று அர்த்தம். மூடிக்கொண்டு அடித்தேன். கடைசியில் அந்தப் பெண்ணுக்குக் காதும் கழுத்தும் ஒரு ஊர், முகம் வேறு ஊர் என்று ஆகிவிட்டது. அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம்.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண் மட்டும் தனியாக வந்து, என் மூஞ்சி உங்க கிட்ட கீதா, இல்ல அழிச்சிட்டீங்களா என்று கேட்டாள். பிஎஸ்டியைத் திறந்தேன். ஒவ்வொரு லேயர் பக்கத்திலும் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும், அதை அமுக்கினால் அந்த லேயர் மறையும். அமுக்கினேன். பவுடர் போனது, அவள் வந்தாள். திரையைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள். அடுத்து வருகிற மாப்பிள்ளைக்கு இதையே அனுப்பப்போவதாகச் சொன்னாள். முந்தினவர்களுக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"வந்து உக்காந்து, போட்டோல இருக்கிற பொண்ணு உள்ள கீதா, கூப்புடுங்கன்றாங்க. நான்தான் காபி தட்ட புடிச்சிகினு எதுர்ல நிக்கிறேன்."

பாஸ்போர்ட் போட்டோவுக்கு லாரி

டிஃப் என்று ஒரு ஃபார்மெட், அதில் ஒரு புள்ளிகூடக் குறையாது என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒரு வாரம் எல்லாவற்றையும் டிஃப்பாகவே பாரிமுனைப் பக்கம் இருக்கும் கலர் லேபுக்கு அனுப்பினேன். ஸ்கூல் பிள்ளைகளின் பாஸ்போர்ட் படங்கள் சிடி சிடியாகப் போயின. லேபில் ஒரு படம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் அண்ணன் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கோபப்படாமல் சொன்னதுதான் எனக்கு வலித்தது:

"பாஸ்போர்ட் போட்டோவுக்கு லாரியாம்மா? நல்ல குவாலிட்டி ஜேபெக்கே போதும். ஆல்பத்துக்கு மட்டும் கேமராவுலயே பெரிய சைஸ் வெச்சி எடுங்க. சின்னதா எடுத்துட்டு வந்து இழுத்துக் குடுன்னு நிக்காத, அத ஆண்டவன் வந்தாலும் இழுக்க முடியாது."

பயமில்லாமல் எடுத்த படம்

கல்யாண நாள் வந்தது. காலையில் நானே கேமராவில் சைஸைப் பெரியதாக வைத்து, மெமரி கார்டைக் காலி செய்து, எத்திராஜ் அண்ணன் கழுத்தில் மாட்டிவிட்டேன். கல்யாணத்துக்கு நான் போகவில்லை, கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் பாய்.

இங்கே எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரோல் காலத்தில் மேடையேறுகிற எல்லாரையும் எடுத்தால் ஃபிலிம் கட்டுப்படியாகாது. அதனால் கேமராமேன் ஆளைப் பார்ப்பார். மாமன், மச்சான், படகு ஓனர், தலைவர் என்றால் கிளிக். கூடைக்காரி, வலை இழுக்கிறவன், பக்கத்துத் தெரு ஆயா என்றால் வெறும் ஃபிளாஷ். வெளிச்சம் மட்டும் பளிச்சென்று அடிக்கும், உள்ளே ஒன்றும் விழாது. அவர்களும் சிரித்துவிட்டு இறங்கிப் போவார்கள். ஆல்பம் வந்ததும் நான் எங்க என்று கேட்டால், கழுவும்போது போயிடுச்சு என்று பதில். இது எல்லா ஸ்டூடியோவிலும் நடந்ததுதான். எத்திராஜ் அண்ணன் இதில் கெட்டிக்காரர், பக்கத்தில் நிற்கிறவருக்கே தெரியாது.

அன்றைக்கு அவர் பந்தலை எடுத்தார், வாழைமரத்தை எடுத்தார். பின்னால் இருக்கும் குட்டித் திரையில் இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்ற எண் மடமடவென்று இறங்கியது. இருந்தது ஒரே கார்டு. பட்டன்களை மாற்றி மாற்றி அமுக்கியதில் சைஸ் மாற்றும் இடம் கிடைத்து, இருப்பதிலேயே சின்ன சைஸை வைத்ததும் எண் ஒரேயடியாக மேலே ஏறியிருக்கிறது. அவ்வளவுதான். மேடையேறிய ஒருவரையும் விடவில்லை.

மறுநாள் கார்டைப் போட்டுத் திறந்தேன். பெரிய சைஸில் இருந்தவை பந்தல், வாழைமரம், வாழைமரத்தடியில் படுத்திருந்த ஒரு நாய். நாயின் மீசை முடியை எண்ணலாம், அவ்வளவு துல்லியம். தாலி கட்டுவதிலிருந்து மற்ற எல்லாமே ஆல்பம் பக்கத்தில் போட்டால் தபால்தலை அளவு. என் நாற்காலி என் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. நான் கத்திவிட்டேன். இவ்வளவு சொல்லியும் ஏன் அண்ணே மாத்துனே என்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"காலம் பூரா ஒவ்வொரு கிளிக்குக்கும் பயந்து பயந்து எடுத்தவன்மே நான். நேத்து ஒரு நாளு பயமில்லாம எடுத்தேன், அது ஒரு தப்பா?"

ஏலம் முடிந்த பிறகு

பாய் நாற்காலியை என் பக்கத்தில் போட்டுக்கொண்டு பெரிசாக்கு என்றார். தாலி கட்டும் படத்தை ஒரு முழுப் பக்க அளவுக்கு இழுத்தேன். மாப்பிள்ளை முகம் செங்கல் அடுக்கி வைத்த மாதிரி வந்தது. கூர்மையாக்கினால் செங்கல் இன்னும் நன்றாகத் தெரிந்தது. மங்கலாக்கினால் பனிமூட்டத்தில் கல்யாணம் நடந்த மாதிரி இருந்தது. பாய் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிவிட்டு, டிஜிட்டல்னா இப்படித்தான் வரும்னு சொல்லிக் கொடுத்துடலாம் என்றார். நான் முடியாது என்றேன். போகிறதுதான் போகிறேன், பொய் சொல்லிவிட்டு எதற்குப் போக வேண்டும்? ராணியம்மா மட்டும் என்ன குருடா?

செங்கல் பிரிண்ட் ஒன்று, அதே படத்தை அதன் சொந்த சைஸில் சின்னதாக ஒரு பிரிண்ட், இரண்டையும் எடுத்துக்கொண்டு காலையில் காசிமேட்டுக்குப் போனேன். ஏலம் முடிந்திருந்தது. ராணியம்மா தொண்டை கட்டிப்போய், கவிழ்த்த மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பெரிய பிரிண்டைக் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு மடியில் போட்டார். சின்னதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். அதில் மகன் முகம் தெளிவாகத்தான் இருந்தது, கட்டைவிரல் நகம் அளவுக்கு. இந்த மாதிரி மொத்தம் எவ்வளவு கீது என்று கேட்டார். மேடையேறிய எல்லாரும் இருக்கிறார்கள் என்றேன். எல்லாருமா என்று மறுபடி கேட்டார். எல்லாரும் என்றேன். டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். எனக்கு அங்கே அடித்த ஐஸ் வாசனையே போதும் போதும் என்றிருந்தது.

"நெத்திலிய இழுத்து இழுத்து வஞ்சிரமாக்க முடியுமாமே? நெத்திலின்னே வை, ஆனா கூடை நெறய வை."

கூடை நிறைய

அப்படியே வைத்தேன். ஒரு படத்தையும் இழுக்கவில்லை. வரிசை வரிசையாக, பக்கம் முழுக்க முகங்கள். தாலி கட்டுவது மட்டும் ஒரு பக்கத்தில் முதலிலிருந்து முடிவு வரை துண்டு துண்டாக ஓடியது. பக்கங்களை பிஎஸ்டியில் கட்டி, மனசு மாறி மாறி நகர்த்தி, கடைசியில் லேபுக்கு மட்டும் டிஃப். இந்தத் தடவை லாரிக்கு வேலை இருந்தது. பாய் பின்னால் வந்து பார்ப்பார், இது ஆல்பமா, ரேஷன் கடை கியூவா என்று முணுமுணுப்பார், போவார்.

ஆல்பத்தை எடுத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் போனோம். ராணியம்மா வீட்டு வாசலில் ஒரு பெட்டியைப் போட்டு அதன்மேல் ஆல்பத்தை வைத்துத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் தெருவே அங்கே நின்றது. மாப்பிள்ளை, பொண்ணை ஒருவரும் பார்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஆளாளுக்கு விரலை வரிசையில் ஓட்டித் தன்னைத் தேடினார்கள். கிடைத்ததும், தோ நானு என்று விரலை எடுக்காமல் அப்படியே நின்றார்கள். பக்கத்தைத் திருப்ப விடவில்லை. ஒரு பெரியவர் தன் பொண்டாட்டியைக் கூப்பிட்டுக்கொண்டு வர வீட்டுக்கே ஓடினார். ராணியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, என் மவன் கல்யாணத்துக்கு வந்த அத்தினி பேரும் கீறாங்கோ, ஒருத்தரு பாக்கியில்ல என்று ஏலக் குரலில் தெருவுக்கே அறிவித்தார். அடுத்த மாசம் மகளைக் கட்டிக் கொடுக்கப்போகிற ஒருவர், தனக்கும் இதே நெத்திலி ஆல்பம்தான் வேண்டும் என்று பாய் கையைப் பிடித்தார். பாய் என் பக்கம் திரும்பி, இன்னொரு மெமரி கார்டு எங்கே கிடைக்கும்னு விசாரிச்சு வை என்றார். எனக்கு வந்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் அவ்வளவுதான்.

கூட்டம் கொஞ்சம் விலகின பிறகு மேரியக்கா வந்தார். காசிமேட்டிலிருந்து மீன் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு ராயபுரம் தெருக்களில் விற்கிறவர். எங்கள் கடைப் பக்கமும் வருவார், கடனுக்கு மட்டும் தர மாட்டார். கையைப் புடவையில் துடைத்துவிட்டு வரிசையில் தேடினார். மூன்றாவது பக்கத்தில், மணப்பெண்ணுக்குப் பக்கத்தில், பட்டுப் புடவையில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் அதையே பார்த்தார். எத்திராஜ் அண்ணன் மெதுவாகப் பின்னால் நகர்ந்தார், ஆனால் மேரியக்கா நிமிர்ந்து அவரைத்தான் தேடினார். சண்டைக்கு வருவது போல இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்:

"எத்தினி கல்யாணத்துல மேட ஏறி நின்னு உன் மிஷினப் பாத்துக்கீறேன், நைனா. இப்பதான் மொத தபா அது என்னப் பாத்துக்கீது."

ஆக, சொன்னபடி பெரிய சைஸில் எடுத்திருந்தால் பாதிக் கூட்டம் மேடையேறுவதற்குள் கார்டு நிறைந்து நாங்கள் தோற்றிருப்போம் என்பதை எந்தக் கம்ப்யூட்டர் சென்டரிலும் சொல்லித் தர மாட்டார்கள், நானும் எத்திராஜ் அண்ணனிடம் சொல்லப்போவதில்லை, சொன்னால் அந்த மனுஷன் இனி ஜென்மத்துக்கும் அந்தச் சின்ன சைஸை மாற்ற மாட்டார்.